நூற்று நாற்பத்தேழு கிலோமீற்றர்

வெள்ளவத்தை, காலி வீதி,
கைபேசிக் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் என் மேசை.
ரிக்கற் போடுவது தொழில்.
இதுவரை நான் ஏறிய உயரம்
இந்தப் படிக்கட்டு.

மாசியில் ஒரு மின்னஞ்சல், ஒஸ்லோவிலிருந்து.
எழுதியவர் அமிர்தரூபன்.
தம்பி சோதிரூபன் இருப்பது மெல்பேர்னில்.
இருவர் பேரிலும் இராமகிருஷ்ண வீதியில் ஒரு பிளட்,
நாலாம் மாடி, லிப்ற் வேலை செய்யாது.
விற்க வேண்டும். நொத்தாரிசுக்கு முன்னால்
இருவரும் நேரில் ஒப்பமிட வேண்டும்.
"செலவைத் தூரத்தின்படி பிரிப்பதாக முடிவு.
ஆர் கூடத் தூரம் பறக்கிறது?
தயவுசெய்து சரியான கணக்கு."

அவர்கள் பேசுவதில்லை என்பதை
அந்தத் தயவுசெய்துதான் எனக்குச் சொன்னது.

விலை கேட்பார்கள். பொதி எத்தனை கிலோ என்பார்கள்.
ஜன்னலோரம், மரக்கறிச் சாப்பாடு,
பிள்ளைக்கு அரை ரிக்கற் போதாதா என்பார்கள்.
தூரத்தை ஒருவரும் கேட்டதில்லை.

அலுமாரிக்கு மேல் ஒரு பூகோள உருண்டை,
மூடிப்போன ஏதோ விமானக் கம்பனி
நத்தாருக்குத் தந்தது.
தூசி தட்டி, பொத்தான் தைக்கும் நூலை எடுத்து
ஒஸ்லோவில் பெருவிரல்,
மெல்பேர்னில் மற்றக் கைப் பெருவிரல்,
இழுத்துப் பிடித்தேன்.
கொழும்புக்கு மேலால் போகும் என்றுதான் நினைத்தேன்.
போகவில்லை.
ருஷ்யாவைச் சாய்வாக வெட்டிக்கொண்டு
தென்சீனத்து மலைகளில் எங்கோ
நடுவிடம் விழுந்தது.
அங்கே போக இருவருக்கும் காரணம் இல்லை.
நாங்கள் நூலுக்குக் கீழே, ஒதுங்கி,
ஒரு சொட்டுப் பச்சை.

பிறகு தனித்தனியே அளந்தேன்,
கணினியிலும் போட்டுப் பார்த்தேன்.
ஒஸ்லோ, எண்ணாயிரத்து நூற்றுத் தொண்ணூறு.
மெல்பேர்ன், எண்ணாயிரத்து முந்நூற்று முப்பத்தேழு.
இடையில் இல்லாத ஊர்
இருவருக்கும் ஏறத்தாழச் சமதூரம்.
மிச்சம் நூற்று நாற்பத்தேழு:
கோட்டையில் பஸ் ஏறினால்
புத்தளத்துக்குக் கொஞ்சம் அங்கால.

எழுதி அனுப்பினேன். கீழே ஒரு குறிப்பு:
இது நூல் பிடித்த தூரம். நேரே பறக்க விமானம் இல்லை.
உங்களுக்கு டோஹாவில் ஐந்து மணித்தியாலம்,
தம்பிக்குச் சிங்கப்பூரில் ஒன்பது.
காத்திருப்பதற்குக் கிலோமீற்றர் கிடையாது.

ஒரு வரியில் பதில்:
"காத்திருப்பைச் சேர்க்க வேண்டாம்."

வைகாசியில் வந்தார்கள். நல்ல மழை.
நொத்தாரிசிடம் ஒப்பம் முடிந்து
திரும்பும் ரிக்கற்றை உறுதிசெய்ய என்னிடம் ஏறினார்கள்.
மின்விசிறிக்குக் கீழே ஒரே ஒரு கதிரை.
ஆளுக்காள் அதை விட்டுக்கொடுத்து
இருவரும் நின்றார்கள்,
ஈரம் சொட்டச் சொட்ட, அரை முழ இடைவெளியில்.
அதை அளக்க என்னை ஒருவரும் கேட்கவில்லை.

கடற்கரைப் பக்கம் ரயில் போனது.
என் தேத்தண்ணிக் கோப்பை மேசையில் நடுங்கியது.
"ஆறு பத்து, அளுத்கம," என்றார் தம்பி, ஜன்னலைப் பார்த்து.
"ஆறு இருபத்தைஞ்சு. நீ எப்பவும் பிழை."
சுவர் மணிக்கூடு போன கிழமையே நின்றுவிட்டது.
யார் சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை.

போகும்போது அமிர்தரூபன் தாள்களை எண்ணி வைத்தார்,
நூற்று நாற்பத்தேழுக்கு உரியது.
சோதிரூபன் அதைத் தொடவில்லை,
தள்ளவும் இல்லை.
குண்டூசிக் கிண்ணத்துக்குள் மடித்துச் செருகிவிட்டு
குடையை விரித்தார், படிக்கட்டிலேயே.
அன்றிரவு கட்டுநாயக்கவில்
இரண்டு விமானங்கள், இரண்டு வாசல்கள்.
ஒரே வானில் போனார்களா, தெரியாது.

மாத முடிவில் கணக்குப் பார்க்க வந்த புனிதமலர்
கிண்ணத்தைக் கவிழ்த்து,
"இது எந்த ரிக்கற்றுக்கு?" என்றாள்.
"புத்தளம்," என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. பேனையைத் திறந்தாள்.
"ஒரு வழியா, போக வரவா?"